கண்ணாடிமேல் ஒரு கறுப்புப் பொட்டு

1

இன்றைக்கு எனக்கு வளைகாப்பு நடந்திருக்க வேண்டும்.

செஞ்சியில் அம்மா நாள் பார்த்துவிட்டாள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. நான் இங்கே, வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கைப்பேசி முன்னால் உட்கார வேண்டும். அம்மா அங்கேயிருந்து சத்தம் போட, இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்கள் என் கையில் வளையல் அடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. பிள்ளைதான் காத்திருக்கவில்லை. ஏழாம் மாதம் தொடங்கியதும் வந்துவிட்டாள். என் உள்ளங்கையில் தலையும் முழங்கைக்கு முன்னாலேயே காலும் முடிந்துபோகிற அளவில் ஒரு பெண் பிள்ளை.

அன்றிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இன்று காலை அந்தப் பெட்டியோடு தள்ளிக்கொண்டு போனார்கள். குடலில் ஓர் இடம் கறுத்துப் போயிருக்கிறதாம். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டுமாம். நானும் என் கணவன் சரவணனும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவன் தரையைப் பார்க்கிறான். நான் கட்டைவிரல்களால் இதை எழுதுகிறேன். சும்மா இருந்தால் எழுந்து அந்தக் கதவை இடித்துவிடுவேன்.

அயல்நாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் பிள்ளைகளைப் பற்றி எழுதுவார்கள். தமிழ் மறந்துவிட்டது, கைவிட்டுப் போகிறார்கள் என்று. நானும் எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் பிள்ளை இன்னும் கைக்கே வரவில்லை. பிறந்த பிறகு ஒரே ஒருமுறை நெஞ்சில் போட்டார்கள். அப்புறம் காய்ச்சல், தொற்று, மறுபடியும் பெட்டி. அவள் காதில் அதிகம் விழுந்திருக்கும் மொழி தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை. தலைமாட்டில் கூவுகிற இயந்திரத்தின் மொழி.

2

இதற்கு முன் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். எதைப் பார்த்தாலும் வாயைப் பிளக்கிறவள். கடல் உறைந்தால் ஒரு கட்டுரை, ட்ராமில் எதிரே உட்கார்ந்த கிழவியின் கழுத்துச் சுருக்கத்துக்கு ஒரு கட்டுரை. போன தடவை கொஞ்சம் மிதப்பாகவே எழுதினேன்: "எனக்குக் கோயில் வேண்டாம், மந்திரம் வேண்டாம். அழகு போதும். அழகு தெரியும்போது எனக்குச் சாமி பக்கத்தில் வந்து நிற்பது தெரியும்."

ரொம்பத் துணிச்சலான வாக்கியம். சாப்பாடு, தூக்கம், சம்பளம் எல்லாம் சரியாக இருக்கிறவள் எழுதுகிற வாக்கியம்.

ஆனால் அது பொய்யும் இல்லை. அதுதான் பிரச்சினை.

என் நைனா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூட லீவில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் ஒரு சாக்குப் போட்டு அதில் நான். சூடு ஏறும். பரவாயில்லை. முன் கண்ணாடி முழுக்க எனக்குத்தான். செஞ்சியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். மலை என்று சொல்ல முடியாது. யாரோ பாறைகளைக் கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோன மாதிரி இருக்கும். ஒன்றின் தலைமேல் ஒன்று, நகத்தளவு இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வெயில் சிவந்து அதன்மேல் படும்போது என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. "ஐய்யோ, அழகு!" என்று கத்துவேன். டிரைவர் அண்ணன் பிரேக்கில் கால் வைப்பார். "இன்னா பாப்பா, ஆடு கீடு குறுக்க வந்துச்சா?"

பின்னாலிருந்து நைனா: "நீ ஓட்டுண்ணே. அதுக்கு மலையப் பாத்தா வலிப்பு வரும்."

ஒருமுறை வண்டி பழுதாகி தேசூர் பக்கம் நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை பொழுது போக வேண்டும். யாரிடமோ கிடைத்த மோட்டார் சைக்கிளில் நைனா என்னைச் சீயமங்கலம் கூட்டிப்போனார். குடைவரைக் கோயில். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒரு தூணின் மேல்பகுதியில், நான் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில், சின்னதாக ஒரு சிவன் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. கல் தேய்ந்து மூக்கு மழுங்கியிருந்தது. ஆனால் சிரிப்பு தேயவில்லை. யாரும் பார்க்காதபோது ஆடிக்கொண்டிருந்து, நாங்கள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

நான் கத்தினேன். "நைனா, அழகு! எவ்ளோ அழகு பாரு!"

குகைக்குள் என் சத்தம் சுற்றி வந்தது. நைனா என் வாயைப் பொத்தினார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே பொத்தினார்.

"மெதுவா பேசு. கேட்டுறப் போவுது."

"யாருக்கு?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கோயில் வாசலில் கும்பிடக்கூட நிற்காத மனிதர் அவர்.

3

வளைகாப்பு வளையல்கள் பார்சலில் வந்தன. பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தன. வந்தும் எங்கள் கைக்கு வரவில்லை. சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்: உள்ளே என்ன, எதற்கு, மதிப்பு என்ன, நேரில் வந்து திறந்து காட்டு. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவில் சரவணன் ஓடினான். அங்கே மேசைமேல் அவனே கத்தரியால் பார்சலைப் பிரிக்க வேண்டும். பிரித்தான். பாதி வளையல் நொறுங்கியிருந்தது. மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்ன டப்பாவை அதிகாரி முகர்ந்து பார்த்தாராம். கறுப்பாக, பிசுபிசுவென்று.

"இது என்ன?"

"கண் மை. என் மாமியார் வீட்டிலேயே செய்தது. விளக்கில் புகை பிடித்து, விளக்கெண்ணெய் விட்டு..."

"கண்ணுக்குள் போடுவதா?"

சரவணனுக்கு ஜெர்மன் அவ்வளவு வராது. பதற்றத்தில் "இல்லை, கண்ணுக்கு எதிராக" என்று சொல்லிவிட்டானாம். அதிகாரி அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, போ என்று கையசைத்துவிட்டார்.

அந்த டப்பாவை அவன் என் கையில் கொடுத்தபோது நான் சிரித்தேன். பிள்ளை பிறந்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு அதுதான். இதையெல்லாம் நம்பாதவள் நான். அம்மாவோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். புது வீட்டுக்குப் பூசணிக்காயில் ராட்சச முகம். நல்லா விளைந்த கொல்லைக்குச் சட்டித்தலை பொம்மை. கறவை மாட்டுக்குக் கறுப்புக் கயிறு. நைனாவின் பஸ்ஸைப் புதிதாகப் பெயின்ட் அடித்தால் மறுநாளே பின்பக்கம் ஒரு பிஞ்ச செருப்பு தொங்கும். "பெயின்டே அதுக்குத்தானமா அடிக்கறாங்க, அழகா இருக்கத்தான, அப்புறம் எதுக்கு செருப்பு?" என்று கேட்டால், "அளகா இருந்தா சும்மா உட்ருவியா? எதுனா ஒரு அசிங்கத்த வெய்யி" என்பாள். அவ்வளவுதான் அவள் சித்தாந்தம்.

பிள்ளை பிறந்ததும் தினமும் அம்மா போன் செய்வாள். முதல் நாள் கேட்டாள். "எப்டிடி இருக்குது கொளந்த?"

"ரொம்ப அழகா இருக்காமா."

மறுமுனையில் ஒரு கூச்சல். "வாயக் களுவுடி! மொதல்ல வாயக் களுவு! பெத்தவ கண்ணுதான்டி பொல்லாத கண்ணு. அளகுன்ற, கிளியின்ற! கோரமா இருக்குதுன்னு சொல்லு."

"ஏம்மா, குழந்தய போயி..."

"சொல்லுடின்றன்ல? பேரும் வெக்காத இப்ப. குப்புன்னு கூப்டு. குப்பைன்னா எவனும் எட்டிப் பாக்கமாட்டான்."

எவன் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

4

பெட்டிக்குப் பக்கவாட்டில் இரண்டு வட்டத் துளைகள். கையைக் கழுவி, மருந்து தடவி, முழங்கைவரை உள்ளே விடலாம். அந்தத் துளைகள் வழியாகத்தான் எனக்கும் அவளுக்கும் உறவு.

ஒரு காலை, மஞ்சள்காமாலைக்கு வைத்திருந்த நீல விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை விலக்கினார்கள். வெயில் பெட்டிக்குள் வந்தது. அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். அதுவரை குழாயும் பஞ்சும்தான் கண்ணில் பட்டிருந்தன. காது. மாவிலைத் தளிரைவிட மெல்லியது. வெளிச்சம் அதற்குள் புகுந்து பின்பக்கம் வந்தது. உள்ளே ஒரே ஒரு சிவப்பு நரம்பு, மழைத்தண்ணி ஓடின தடம் மாதிரி. அவள் மூச்சு விட்டாள். நரம்பு அசைந்தது.

செஞ்சிக் குன்றுகளில் வந்த மாதிரி, அந்தத் தூணில் வந்த மாதிரி. இதோ வந்துவிட்டது, பக்கத்தில் வந்து நிற்கிறது என்று தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை வாயைப் பிளக்கவில்லை. உச்சந்தலையிலிருந்து குளிர்ந்துபோனது. வந்தது எதற்கு வந்தது? பார்த்துவிட்டுப் போகவா, எடுத்துக்கொண்டு போகவா?

என் கைப்பையில் அந்த மை டப்பா இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. சுண்டுவிரலில் தொட்டு, கையை உள்ளே விட்டு, அவள் கன்னத்தில் வைத்துவிட்டேன். கடுகளவு. வைத்ததும் பயம் இறங்கியது. முதுகலைப் பட்டம், இரண்டு மொழி, விமானம், விசா எல்லாம் ஒரு கடுகளவு மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

பிர்கிட் வந்தாள். பிர்கிட் அந்த அறையின் நர்ஸ். ஆறடி, கறாரான குரல், ஒவ்வொரு முறை பெட்டியைக் குனிந்து பார்க்கும்போதும் "ஷோன், ஷோன்" என்பாள். அழகு, அழகு என்று அர்த்தம். அன்று குனிந்தாள், ஷோன் வரவில்லை. விளக்கைப் போட்டாள். டாக்டரைக் கூப்பிட்டாள். தோல் அழுகுகிறதா, ரத்தம் கட்டிவிட்டதா என்று இருவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். "நான்தான்" என்றேன் தமிழில். பிறகு ஆங்கிலத்தில். பிறகுதான் ஜெர்மன் வந்தது.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, தோல் இன்னும் மூடவில்லை, எதுவும் தடவக்கூடாது என்றார். கன்னத்தைத் துடைத்தார்கள். காய்ச்சல் திரும்பவும் வந்தபோது அந்த மையாலா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுநாளும் கேட்டேன். காய்ச்சலின் காரணம் வேறு, ரத்தப் பரிசோதனையில் தெளிவாக இருக்கிறது என்றார். இன்று காலை "ஓர் இடம் கறுத்திருக்கிறது" என்று சொன்னபோதும் கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கன்னத்தில் இருக்கவிடாமல் துடைத்த கறுப்பு வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொண்டதா என்று ஒரு டாக்டரிடம் எந்த மொழியில் கேட்பது?

5

அதற்கப்புறம் ஒரு மனநல ஆலோசகரை அனுப்பினார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். அமைதியான குரல், பூப்போட்ட கழுத்துத் துணி. நானும் சரவணனும் எதிரே.

"மகளை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?"

"குப்பு."

"இனிமையான பெயர். என்ன பொருள்?"

நானும் சரவணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "குப்பை" என்றேன்.

அவர் தலையசைத்தார். முகம் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொள்ளப் படித்தவர்.

"நர்ஸ் அவளை அழகு என்று சொன்னபோது நீங்கள், இல்லை இல்லை, அழகே இல்லை என்று சொன்னீர்களாம். அவள் உங்களுக்கு அழகாகத் தெரியவில்லையா?"

"அதைக் கேட்காதீர்கள், தயவுசெய்து."

"ஏன்?"

ஏனென்று விளக்க ஆரம்பித்தேன். என் ஜெர்மன் அலுவலக ஜெர்மன். வாடகை ஒப்பந்தமும் வருமான வரியும் பேச வரும். கண்ணேறு பேச வராது. கண் விழுந்துவிடும் என்றேன். யாருடைய கண் என்று கேட்டார். எல்லாருடையதும், முதலில் என்னுடையது என்றேன். உங்கள் கண்ணாலேயே உங்கள் குழந்தைக்கு ஆபத்து என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். நேர்மையாக, ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே போய் நிற்கிறோம் என்று உறைத்தது. என்னை அவள் பக்கத்தில் விடாமல் செய்துவிடுவார்களோ என்று சரவணனைப் பார்த்தேன்.

சரவணன் கைப்பேசியை எடுத்தான். என் நைனாவின் பஸ் படத்தைத் தேடி அவர் முன்னால் நீட்டினான். "இந்த வண்டியைப் பாருங்கள். ரொம்ப அழகான வண்டி. அதனால்தான் செருப்பு. இது மாமனார். அழகான வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். நைனாவின் தொப்பையையும் பார்த்தார். வாயோரம் ஏதோ அசைந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்படியென்றால், ரொம்ப அழகான ஒன்றைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் வருமா?"

இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டதில்லை. அழகு என்றால் சந்தோஷம், துள்ளல், ஒரு போட்டோ, ஒரு கட்டுரை. என் அம்மாவுக்கு அப்படி இல்லை. அவள் அழகைப் பார்த்து ஒருநாளும் துள்ளியதில்லை. பார்த்தவுடனே குரலைத் தாழ்த்துவாள், கையில் கிடைத்த கரியைத் தேடுவாள். பெரிய மனுஷன் யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி நடந்துகொள்வாள். சாமி பக்கத்தில் நிற்கிறது என்று நான் எழுதினேன். நிற்கிறது என்று நிஜமாக நம்பினவள் அவள்தான். நம்பினவளுக்குத்தானே பயம் வரும்.

"வரும்" என்றேன். "இவளைப் பார்த்துத்தான் முதல்முறையாக வந்தது."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். அதன்பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பிர்கிட் பெட்டிக்கு முன்னால் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவோடு நின்றாள். "உள்ளே கூடாது" என்று விரலை ஆட்டினாள். பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தட்டி, "இங்கே வைக்கலாமா?" என்றாள்.

எங்கே வைப்பது என்று சரவணனுக்கும் எனக்கும் சண்டை. அவன் நின்றுகொண்டு, "இங்க வெய்யி, கன்னத்துக்கு நேரா வருது" என்கிறான். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது அவள் முழங்காலில் விழுகிறது. "முட்டிக்கு எவன்டா திருஷ்டிப் பொட்டு வெப்பான்?" கடைசியில் என் நாற்காலிதான் ஜெயித்தது. நான் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடிமேல் இருக்கிற பொட்டு சரியாக அவள் கன்னத்தில் உட்காரும். வேறு யார் எங்கிருந்து பார்த்தாலும் அது வெறும் மைக்கறை.

அவள் அசைந்தால் நானும் அசைவேன். இத்தனை நாளாக எங்கள் விளையாட்டு இது ஒன்றுதான்.

6

தாழ்வாரத்தின் கோடியில் பெரிய ஜன்னல். கொஞ்சம் முன்பு மேகம் விலகியது. துறைமுகத்துத் தண்ணீரில் மெல்லிய பனிப்பாளங்கள் மிதக்கின்றன, ஒவ்வொன்றின் விளிம்பிலும் பொன் நிறம். மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்து போய்ப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு தகப்பன் படம் எடுக்கிறான். ஷோன் என்கிறான்.

எனக்கு அந்த ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும்போல இருந்தது. உள்ளே என் பிள்ளையின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வெளியே இதற்கு என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது? அழகு வழியாகத்தான் சாமி வருகிறது என்றால், இது என்ன வருகை? சாவு வீட்டுக்குச் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு வருவதா? அல்லது அழகுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா? பாறை சும்மா சிவக்கிறது, பனி சும்மா மின்னுகிறது, நான்தான் முட்டாள்தனமாக நடுவில் போய் நின்று கும்பிட்டேனா?

போன தடவை நான் எழுதியதை யாராவது வெட்டி வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"சரவணா, அந்தப் பாறைங்க எப்பிடி விழாம நிக்குது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எந்தப் பாற?"

"செஞ்சியில. ஒண்ணுமேல ஒண்ணு."

"தெரியல. நிக்குது" என்றான். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். உடையாமல் தப்பிய வளையல்களை இன்று காலை அவன்தான் எனக்குப் போட்டுவிட்டான். நாள் பார்த்தது வீணாகக்கூடாது என்று. பிள்ளை வயிற்றில் இல்லாத வளைகாப்பு. கையை அசைத்தால் சத்தம் வருகிறது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் போடுவார்களாம்.

கதவு திறக்கிறது.

7

பிறகு எழுதுகிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

கறுத்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதியைக் காப்பாற்ற முடிந்ததா என்று இப்போது சொல்ல முடியாதாம். அடுத்த சில நாட்கள் பார்க்க வேண்டும். "பார்க்க வேண்டும்" என்பதை டாக்டர் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் ஒரே பொருள்தான்.

வேறு பெட்டியில் கொண்டுவந்தார்கள். புதுக் கண்ணாடி, சுத்தமாகத் துடைத்தது. பொட்டு இல்லை.

உள்ளே கிடந்ததை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஊதிப்போயிருந்தது. கண் இமைகள் வீங்கி மூடியிருந்தன. நிறம் சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. வயிற்றில் கட்டு, பக்கத்தில் பை, வாயில் குழாய், அதை ஒட்டிய பசைநாடா இழுத்துப்பிடித்து உதடு கோணியிருந்தது. காது எங்கே என்று தேடினேன். பஞ்சுக்குள் இருந்தது. வெளிச்சம் எதுவும் அதற்குள் போகவில்லை. வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி இருந்தது.

இத்தனை நாள் வாய் ஓயாமல் அசிங்கம், கோரம், குப்பை என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நாக்கு எழவில்லை. இப்போது அது உண்மை. உண்மையைச் சொல்லி யாரை ஏமாற்றுவது? வந்து நின்றது போய்விட்டது என்று நினைத்தேன். பெட்டிக்குள் அழகு இல்லை, ஆகவே யாரும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. சரவணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். நான் அழக்கூட இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? பழக்கத்தில் தலை இடப்பக்கம் சாய்ந்தது. பழக்கத்தில் கண் பொட்டைத் தேடியது. பொட்டு இல்லாமல் அந்த ஊதிய கன்னம் மொட்டையாக, காவல் இல்லாமல் தெரிந்தது. மூச்சு இயந்திரம் ஒருமுறை ஏறி இறங்கியது. அவளும் ஏறி இறங்கினாள்.

சட்டென்று உச்சந்தலை குளிர்ந்தது. அதே குளிர். யார் கண்ணாவது பட்டுவிடப் போகிறது என்ற அதே பதற்றம். முதலில் எனக்கே புரியவில்லை. இதில் கண் பட என்ன இருக்கிறது? இந்த வீக்கத்தில், இந்தக் கோணல் வாயில்? ஆனால் கை தானாகப் பிர்கிட்டின் சட்டைப் பையைக் காட்டியது. பேனா, பேனா என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியாது.

பிர்கிட் மூடியைக் கழற்றினாள். கொடுத்தாள். வைத்தேன். கை ஆடியதில் கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. தலையைச் சாய்த்தேன். பொட்டு கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

பிர்கிட் குனிந்து பார்த்தாள். ஷோன் என்று சொல்ல வாய் குவிந்தது. நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெரிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைப்பேசி அடித்தது. அம்மா. செஞ்சியில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் நைனா இருமுவது கேட்டது. கேட்கவேண்டியதைக் கேட்க அவளுக்குப் பயம் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டாள்.

"எப்டிடி இருக்குது கொளந்த?"

பெட்டியைப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அசிங்கமா இருக்குதுமா" என்றேன். குரல் எங்கேயோ போய் உடைந்தது. "ரொம்ப ரொம்ப அசிங்கமா இருக்குது."

அந்தப் பக்கம் அம்மா உடைந்து அழுதாள். "இருக்கட்டும்டி. அப்டியே இருக்கட்டும். அதும்மாரி ஒரு அசிங்கத்த எவனும் பாத்திருக்கக் கூடாது."

பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது, பஸ்ஸில் படியில் நிற்கிறவர்களைச் சொல்வதுபோல, ஆனால் ரொம்பத் தாழ்வாக.

"மெதுவா பேசச் சொல்லு அவள. கேட்டுறப் போவுது."